மூலையில் ஒரு நண்டு வளை

சனிக்கிழமை சாயங்காலம் தஞ்சாவூரில் பஸ் ஏறினால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்டித்தான் திருவையாற்றில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர முடியும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த வழி பிடிக்கும். அந்த ஐந்து ஆறுகளை மனதில் வைத்துத்தான் ஒரு கற்பனை நாடு வரைய ஆரம்பித்தேன். ஐந்துறை நாடு என்று பெயர் வைத்தேன். ஆறுகள் சுலபமாக வந்துவிட்டன. தோப்பு, வயல், ஊர் எல்லாம் வந்தன. சுவர்தான் வரவில்லை.

நான் பொறியாளர் ஒருவரின் அலுவலகத்தில் வீட்டு பிளான் வரைகிறேன். பதினோரு வருடமாகக் கோடு போடுவதுதான் வேலை. அதனால் கற்பனை வரைபட மென்பொருளில் ஒரு கோட்டைச் சுவர் போடுவது பெரிய விஷயமாக இருக்காது என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆயிற்று, அதன் குணம் புரிய. சுவர் கருவியில் மாட்டிக்கொண்டு வரைபடத்தையே பாதியில் விட்டுவிட்ட இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்கள் கற்பனையில் இருந்த நாடுகள் வெளியே வராமலே போனது எனக்கு வருத்தம்தான். அதனால் பட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். எந்த மென்பொருள் என்பது இதில் முக்கியமில்லை. இந்தக் கோளாறுகள் பெயர் மாறி எல்லாவற்றிலும் வருகின்றன.

முதலில் எங்கள் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், எதிர்வீட்டுப் பையன், அவன் அக்கா என்று நாலு பேர் ஆடுவார்கள். கதையை நான் நடத்துவேன். 1974ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை விளையாட்டு, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதைக்குள் போய் ஆடுவது. விதிகளைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி சுருக்கி, தமிழிலேயே ஆடுகிறோம். லேப்டாப்பை டிவியில் இணைத்தால் வரைபடம் பெரிதாகத் தெரியும். ஒரு கட்டம் 5 அடி. ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன், அதாவது வரைபடத்தில் அவரவர் கதாபாத்திரமாக நகரும் காய். அதன் கையில் ஒரு தீவட்டி. தீவட்டி என்றால் 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கு அப்பால் இன்னொரு 20 அடிக்கு மங்கல். அந்த வெளிச்சம் எட்டும் இடம்தான் டிவியில் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு. சுவர் வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும். விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அன்றைக்கு அவர்கள் நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்தார்கள். அதன் பின்னால் ஒரு ரகசிய அறை. அதில் ராணியின் முத்திரை மோதிரம் இருக்கும் பெட்டி. அந்த அறைக்கு வழி கண்டுபிடிக்க மூன்று வாரமாகத் துப்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மகள் தன் டோக்கனை மூலைக்கு நகர்த்தினாள். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், கத்தி நுனி மாதிரி ஒரு வெளிச்சக் கீற்று சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது.

“அத்தை, அங்க வெளிச்சம் ஒழுகுது. உள்ள ஒரு பெட்டி இருக்கு.”

நாலு பேரும் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். மூன்று வாரக் கதை அத்தோடு முடிந்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த மூலையைச் சரிசெய்ய நான் முதலில் செய்தது எல்லாமே தவறு. சுவரின் கனத்தைக் கூட்டினேன். படத்தில் சுவர் தடித்தது, வெளிச்சம் அப்படியே ஒழுகியது. பிறகு அதே இடத்தில் இன்னொரு சுவரை மேலே போட்டேன். ஒழுகல் நின்றது. ஆனால் அடுத்த வாரம் அங்கே ஒரு கதவு வைத்தபோது, புதிதாகப் போட்ட சுவரை மட்டும் அது வெட்டியது. கீழே பழைய சுவர் அப்படியே இருந்தது. கதவு திறந்திருக்கிறது, வெளிச்சம் போகவில்லை. ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மூடினால் இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டி வரும் என்பதை அந்த ஒரு கதவு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

விஷயம் பிடிபட்டது, ஏற்றுமதி செய்த கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தபோதுதான். யுனிவர்சல் விடிடி என்று ஒரு கோப்பு வகை இருக்கிறது. விடிடி என்றால் இந்த மாதிரி விளையாட்டைத் திரையில் ஆட உதவும் மென்பொருள். பல வரைபட மென்பொருள்கள் அதில் ஏற்றுமதி செய்யும். படம், சுவர், கதவு, விளக்கு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். உள்ளே இருப்பது வெறும் எழுத்தும் எண்ணும்தான். படத்துக்கு உரிய பகுதி மட்டும் பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்தாக ஓடும், அதனால் கோப்பு திறக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதைத் தாண்டி ‘லைன் ஆஃப் சைட்’ (line_of_sight) என்ற சொல்லைத் தேடினால், ஒவ்வொரு சுவரும் புள்ளி புள்ளியாக எழுதியிருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண். இடமிருந்து எத்தனையாவது கட்டம், மேலிருந்து எத்தனையாவது கட்டம் என்று.

என் ரகசிய அறையின் முதல் புள்ளி 12, 8. சுற்றி வந்து மூட வேண்டிய கடைசிப் புள்ளி 12.06, 8.04.

அவ்வளவுதான். ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல் வைத்திருந்தேன். கணக்குப் போட்டால் இடைவெளி 5 பிக்சல். சுவரின் கல் படம் 20 பிக்சல் கனம். அந்தக் கனம் இடைவெளியை முழுசாக மறைத்துவிட்டது. கண்ணுக்கு மூடிய சுவர். ஆனால் வெளிச்சத்தைக் கணக்குப் போடும் பகுதி கல்லைப் பார்ப்பதில்லை, கனத்தைப் பார்ப்பதில்லை. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இருக்கும் மெலிந்த கோட்டை மட்டுமே பார்க்கிறது. அந்தக் கோட்டில் சந்து இருந்தால் வெளிச்சம் போகும். கனத்தைக் கூட்டியபோது ஏன் சரியாகவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் காலையில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கொத்தனார். முட்டிவலி வந்த பிறகு வேலைக்குப் போவதில்லை, ஆனால் தெருவில் யார் சுவர் எழுப்பினாலும் போய் நின்று பார்ப்பார். 5 பிக்சல் என்றால் அவருக்கு என்ன தெரியும்? அடிக் கணக்கில் சொன்னேன். 5 அடிக்கு 70 பிக்சல் என்றால், 5 பிக்சல் நாலு இஞ்சுக்குச் சற்று அதிகம்.

“நாலு இஞ்ச் சந்து விட்டுட்டு சுவர் கட்டியிருக்கியேம்மா. சந்து எப்பவும் மூலையிலதான் வரும். நடுச் சுவத்துல ஏன் தேடுற?”

எங்களுக்குக் கொஞ்சம் வயலும் உண்டு. வரப்பில் நண்டு வளை போட்டிருந்தால் மேலே பார்த்தால் தெரியாது. புல் மூடியிருக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீர் கட்டியும் காலையில் வயல் காய்ந்து கிடக்கும், அடுத்த வயலில் தண்ணீர் நிற்கும். அந்த நாலு இஞ்ச் சந்துக்கு அன்றிலிருந்து நண்டு வளை என்றே பெயர் வைத்துவிட்டோம். பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வளை ஏன் விழுந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அந்த அறையில் ஒரு மரப்பீப்பாயைக் கட்டத்துக்கு நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஓரமாக வைப்பதற்காக ஸ்னாப்பை அணைத்திருந்தேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். ஸ்னாப் என்பது புள்ளியைக் கட்டத்தின் மூலைக்கு இழுத்துக் கொண்டுபோய் உட்கார வைக்கும் வசதி. அது அணைந்திருந்தால் கை வைத்த இடத்தில் புள்ளி விழும். இப்போது என் வழக்கம் இது: சுவர் கருவியை எடுத்தவுடன் முதல் வேலையாக ஸ்னாப் இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசிப் புள்ளியை முதல் புள்ளிமேல் கையால் வைக்கவே மாட்டேன். சுவரை மூடுவதற்கென்று ஒரு கட்டளை ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் உண்டு. சிலவற்றில் முதல் புள்ளியைத் தொட்டால் மூடிக்கொள்ளும், சிலவற்றில் வலது கிளிக், சிலவற்றில் ஒரு டிக் பெட்டி. அதைத் தேடிக் கண்டுபிடித்துப் பழகிக்கொள்ளுங்கள். மூடிய சுவருக்கும், மூடினாற்போல் தெரியும் சுவருக்கும் உள்ள வித்தியாசத்தை எளிதாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உள்ளே தரையை நிரப்பிப் பாருங்கள். மூடிய சுவருக்குள் தரை அடங்கி நிற்கும். வளை இருந்தால் தரை விழாது, அல்லது வெளியே வழிந்துவிடும்.

அடுத்தது ஊசி. கோட்டைக்குக் கொத்தளம் வரைந்தபோது வந்தது. சில மூலைகளில் சுவர் ஈட்டி மாதிரி நீண்டு வெளியே குத்திக்கொண்டு நின்றது. இதற்கு இரண்டு காரணம். ஒன்று கணக்கு. கனமான இரண்டு கோடுகள் கூர்மையான கோணத்தில் சந்தித்தால், வெளி ஓரங்கள் ஒன்றையொன்று தொட நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும். 90 பாகை மூலையில் அந்த நுனியின் நீளம் சுவர்க் கனத்தைப் போல 1.4 மடங்கு. 30 பாகையில் கிட்டத்தட்ட 4 மடங்கு. 10 பாகையில் 11 மடங்கைத் தாண்டும். எஸ்விஜி என்னும் கோட்டுப்பட வகையில் இதற்கு இயல்பான எல்லையே 4 மடங்குதான். கோணம் ஏறத்தாழ 29 பாகைக்குக் கீழே போனால் நுனியை வெட்டிவிடும். உங்கள் மென்பொருளில் மூலை எப்படி முடிய வேண்டும் என்று தேர்வு இருந்தால், கூர்மைக்குப் பதிலாக வெட்டிய மூலையோ உருண்டை மூலையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் படுத்தியது இரண்டாவது காரணம். ஊசி நின்ற மூலைகளில் பாதி 90 பாகை மூலைகள். அங்கே ஊசி வரக் காரணமே இல்லை. 800 சதவீதம் ஜூம் செய்து பார்த்தேன். ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சுவரை முடிக்க நான் இரட்டைக் கிளிக் செய்யும்போது, முதல் கிளிக்கில் ஒரு புள்ளி, கை லேசாக நடுங்கி இரண்டாவது கிளிக்கில் இன்னொன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிக்சல் நீளத்துக்கு ஒரு சுவர், தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அந்தத் திருப்பம்தான் கூர்கோணம். ஒரு புள்ளியை அழித்தவுடன் ஊசி மறைந்தது. அதற்கப்புறம் இரட்டைக் கிளிக்கை விட்டுவிட்டு எண்டர் தட்டி முடிக்கிறேன். லேப்டாப் டச்பேடில் வரைபவர்களுக்கு இது கட்டாயம் வரும். ஒரு மவுஸ் வாங்கிக்கொள்வது நல்லது.

தஞ்சாவூரில் மேல அலங்கம், வடக்கு அலங்கம் என்று தெருக்கள் உண்டு. அலங்கம் என்றால் கோட்டைக் கொத்தளம். நாயக்கர் காலத்துக் கோட்டை மதில் ஊர்ப் பேச்சில் இன்றைக்கும் இப்படி நிற்கிறது. பெரிய கோட்டை ஒன்று, அதன் தென்மேற்கில் பெரிய கோயிலைச் சுற்றிச் சிவகங்கைக் கோட்டை என்னும் சின்னக் கோட்டை ஒன்று. ஐந்துறை நாட்டின் தலைநகரத்துக்கு அதே அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டேன். பெரிதாக ஒன்று, மூலையில் ஒட்டினாற்போல் சின்னது ஒன்று. ஒட்டும் இடத்தில்தான் வம்பு வந்தது.

இரண்டு கோட்டையையும் தனித்தனி மூடிய சுவராக வரைந்தேன். ஒட்டிய பக்கத்தில் இரண்டு சுவர் ஒன்றன்மேல் ஒன்று. நிழல் இரட்டிப்பாகக் கறுத்தது. கல் படம் இரண்டும் பொருந்தாமல் கலங்கித் தெரிந்தது. முன்னே சொன்ன கதவுச் சிக்கலும் வந்தது. வீட்டு பிளானில் அடுத்தடுத்த இரண்டு அறைக்குப் பொதுச்சுவர் ஒன்றுதான் போடுவோம். அலுவலகத்தில் நாள் தவறாமல் செய்யும் காரியத்தை இங்கே மறந்துவிட்டேன். பெரிய கோட்டையை மட்டும் மூடிய சுவராக வைத்து, சின்னக் கோட்டையின் சுவரைப் பெரிய கோட்டையின் ஒரு புள்ளியில் தொடங்கி இன்னொரு புள்ளியில் முடியும் திறந்த சுவராக மாற்றினேன். ஒட்டும் இரண்டு இடத்திலும் பெரிய சுவரில் ஏற்கெனவே புள்ளி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். புள்ளி இல்லாத இடத்தில், நடுச் சுவரில் கொண்டுபோய் முட்டினால் அங்கேயும் நண்டு வளை விழும்.

இன்னொரு கோளாறு, சுவர் உள்வெளியாகத் திரும்பி நிற்பது. மதிலின் பல்வரிசை வெளிப்பக்கம் இருக்க வேண்டும். என் கோட்டையில் அது ஊரைப் பார்த்து நின்றது. நிழலும் தப்பான பக்கம் விழுந்தது. ரொம்ப நேரம் கல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காரணம் நான் வரைந்த திசை. சுவர்க் கோட்டுக்கு ஓர் ஓட்டம் உண்டு, முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிக்கு. அந்த ஓட்டத்தில் போகிறவருக்கு வலக்கைப் பக்கம் எது, இடக்கைப் பக்கம் எது என்று பார்த்துத்தான் மென்பொருள் உள்ளையும் வெளியையும் முடிவு செய்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. ஐயாறப்பர் கோயில் பிரகாரத்தை எப்படிச் சுற்றுவோம்? வலமாக. சுவாமி நம் வலக்கைப் பக்கம் இருப்பார். சுவரையும் அப்படி வலமாகச் சுற்றி வரைந்தால் உள்ளே இருப்பது வலப்பக்கம், வெளி இடப்பக்கம். உங்கள் மென்பொருள் இதற்கு நேர்மாறாக எடுத்துக்கொண்டால் இடமாக வரையுங்கள். எதுவானாலும் வரைபடம் முழுக்க ஒரே திசையை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வரைந்துவிட்டால் அழிக்க வேண்டாம், சுவரின் திசையைப் புரட்டும் கட்டளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அளவு பிசகுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கட்ட அகலத்துக்கு நடைபாதை போட்டேன். டோக்கன் உள்ளே போனால் இரண்டு பக்கமும் சுவரில் ஏறி நிற்கிறது. சுவரின் கனம் கோட்டுக்கு வெளியே போவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கோட்டுக்கு இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் போகிறது. வீடு கட்ட வானம் தோண்டுவதற்கு முன்னால் சென்டர் லைன் போடுவார்களே, அதே சங்கதி. 5 அடி நடைபாதையில் இரண்டு பக்கமும் ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் உள்ளே மிஞ்சுவது 4 அடி 3 இஞ்ச். கோட்டைச் சுவருக்கு 5 அடி கனம் கொடுத்தால் 10 அடிப் பாதை பாதியாகிவிடும். அதனால் தடித்த சுவர் வரும் இடத்தில் பாதையை ஒரு கட்டம் கூட்டி வரைகிறேன். வீட்டுக்குள் வரும் சாதாரணச் சுவரை 10 பிக்சல் கனத்துக்குக் குறைத்துக்கொள்கிறேன். 70 பிக்சல் கட்டத்தில் அது ஏறக்குறைய ஒன்பது இஞ்ச்தான், பார்க்கவும் இயல்பாக இருக்கிறது.

கட்டத்தோடு ஒட்டாமல் சாய்ந்து நிற்கும் கட்டடங்களுக்கு ஸ்னாப் உதவாது. ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சத்திரம் வரைந்தேன், கரையின் சாய்வுக்கே. சதுரமாக வரவில்லை, சரிந்த தீப்பெட்டி மாதிரி இருந்தது. அப்பா பார்த்துவிட்டு, மூலைக்கு மூலை அளந்து பார் என்றார். கொத்தனார்கள் மூலை எடுக்க ஒரு பக்கம் 3 அடி, ஒரு பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மூலை மட்டம், அதாவது சரியாக 90 பாகை. மென்பொருளில் அளக்கும் கருவியை எடுத்து அதையே செய்தேன். 4 கட்டம், 3 கட்ட அறைக்குக் குறுக்கே 5 கட்டம் வர வேண்டும், எனக்கு 5.3 வந்தது. இதைவிட எளிய வழி ஒன்று பிறகு தெரிந்தது. கட்டடத்தை முதலில் நேராக, ஸ்னாப்போடு முழுசாக வரைந்து மூடிவிட்டு, எல்லாச் சுவரையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துச் சுழற்றுவது. சுழற்றிய பிறகு ஒரு புள்ளியையும் தொடக் கூடாது.

வட்டச் சுவருக்கு வருகிறேன். பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. வட்டமாக எழும்பி மேலே கூம்பிப் போகும். சின்ன வயதில் பார்த்தது அப்படியே மனதில் தங்கிவிட்டது. என் கதையில் வரும் களஞ்சியம் அதுதான். கைவாக்கில் வட்டம் இழுத்தேன். அழகாக வந்தது. ஆனால் அந்த ஒரு சுவரில் 300க்கு மேல் புள்ளிகள். நாலு டோக்கன் நாலு தீவட்டியோடு உள்ளே போனதும் லேப்டாப் திணறியது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு சுவர்த்துண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் அல்லவா? அழித்துவிட்டு 24 பக்கம் உள்ள பலகோணமாகப் போட்டேன். 4 கட்ட ஆரத்துக்கு, 70 பிக்சல் கட்டத்தில், அது உண்மையான வட்டத்திலிருந்து விலகுவது இரண்டரை பிக்சலுக்கும் குறைவு. சுவர்க் கனத்துக்குள் அது அடங்கிவிடும். 16 பக்கம் போட்டால்கூட ஐந்தரை பிக்சல்தான். கண் வட்டம் என்றே நம்புகிறது.

கதவில் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். கதவுப் படத்தைச் சுவர்மேல் வைப்பது வேறு, சுவரில் கதவைப் பொருத்துவது வேறு. பொருத்தினால்தான் சுவர் அந்த இடத்தில் வெட்டுப்பட்டு, திறந்தால் வெளிச்சம் போகும், மூடினால் நிற்கும். நிஜ வீட்டில் நிலை வைத்துவிட்டுச் சுவர் எழுப்புவார்கள். இங்கே மாறாகச் செய்ய வேண்டும். சுவர் எல்லாம் முடிந்து, இனி ஒரு புள்ளியும் நகராது என்ற பிறகு கதவு வையுங்கள். கதவு வைத்த சுவரை நகர்த்தினால் சிலவற்றில் கதவு மட்டும் அந்தரத்தில் நின்றுவிடும். சுவர் இருக்கிறது ஆனால் தொட முடியவில்லை என்றால், அது இருக்கும் லேயர், அதாவது படத்தின் அடுக்கு, பூட்டியிருக்கும். சுவர் வரைந்தும் தெரியவில்லை என்றால், தரை அதற்கு மேல் லேயரில் இருக்கும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் பிறகு பயப்படுங்கள்.

பெரிய கோயில் திருச்சுற்றை ஒருமுறை அசல் அளவிலேயே பழகிப் பார்க்க ஆசைப்பட்டேன். 1010ல் முடிந்த கோயில். மதிலுக்குள் கிழமேலாக ஏறத்தாழ 240 மீட்டர், தென்வடலாக ஏறத்தாழ 122 மீட்டர். 5 அடிக் கட்டத்தில் இது 158க்கு 80 கட்டம். வரைந்து முடித்து ஏற்றுமதி செய்தால், படத்தின் வலது ஓரத்தில் சுவரும் தரையும் வெறும் கறுப்பு. சுவரில் ஒரு தப்பும் இல்லை. 158 கட்டம், கட்டத்துக்கு 70 பிக்சல் என்றால் 11,060 பிக்சல் அகலம். கிராபிக்ஸ் சிப்புகள் ஒரே படமாகத் தாங்கும் அகலத்துக்கு எல்லை உண்டு. பலவற்றில் 16,384, பழையவற்றில் 8,192. என் லேப்டாப் பழையது. அந்தத் திருச்சுற்று இரண்டு சதுரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அமைப்பு என்பது அப்போது கைகொடுத்தது. நடுவில் பிரித்து 79 கட்டமாக இரண்டு வரைபடம் ஆக்கினேன். இரண்டும் ஒழுங்காக வந்தன.

இதோடு சேர்ந்த இன்னொன்று: படத்தை ஒரு அளவிலும் ஆடும் இடத்தில் கட்டத்தை வேறு அளவிலும் வைத்தால், சுவர் எல்லாம் படத்தைவிட்டு விலகி நிற்கும். திரையில் ஆட உதவும் மென்பொருள்களில் ரோல்20ல் கட்டம் இயல்பாக 70 பிக்சல், ஃபவுண்டரியில் 100. எதில் ஆடப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் இந்த வேலை மிச்சம்.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் விட்ட பிறகு அண்ணன் மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி வருவாரே, அது மாதிரி. வரைபடத்தை முழுக்க இருட்டாக்கிவிட்டு, ஒரே ஒரு விளக்கை எடுத்து ஒவ்வொரு அறையாக வைத்துப் பார்ப்பேன். விளக்கை அறையின் நடுவில் வைத்தால் போதாது. சின்ன வளை நடுவிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய் ஒட்டி வைக்க வேண்டும். கீற்று எங்கே வெளியே விழுகிறதோ, அந்த மூலையை ஜூம் செய்து புள்ளிகளைப் பார்ப்பேன். இருபது அறைக்கு அரைமணி நேரம் ஆகிறது. சரிசெய்வதற்கு முன்னால் கோப்பைத் தேதி போட்டு வேறு பெயரில் சேமித்துக்கொள்வேன். ஐப்பசி மழையில் கரண்ட் போய், லேப்டாப் பேட்டரியும் கைவிட்டு, ஒரு ராத்திரி வேலை முழுசும் போன பிறகு வந்த பழக்கம் அது.

கடைசியாக வந்த சிக்கல் ஆற்றால் வந்தது. எங்கள் தலைநகரத்துக்குள் ஓர் ஆறு நுழைந்து வெளியே போகிறது. மதில் ஆற்றைக் குறுக்கே வெட்டுகிறது. தண்ணீர் போக வேண்டும், பகைவன் போகக் கூடாது. கோட்டைக்குள் நிற்பவனுக்கு வெளியே வரும் படகு தெரியவும் வேண்டும். முதலில் அங்கே சுவரையே வெட்டிவிட்டேன், யார் வேண்டுமானாலும் நீந்தி வந்துவிடலாம் என்றாகிவிட்டது. அண்ணன் மகன்தான் கேட்டான், “அத்தை, மதகுல ஷட்டர் போடுற மாதிரி கம்பி போட முடியாதா?”

முடியும். ஆற்றின் இரண்டு கரையிலும் சுவரில் ஒவ்வொரு புள்ளி வைத்து, நடுத்துண்டைத் தனியாகப் பிரித்தோம். அந்தத் துண்டின் குணத்தை மட்டும் மாற்றினோம். ஆள் நகர்வதைத் தடுக்கும், பார்வையைத் தடுக்காது. சன்னலுக்கு இருக்கும் அதே குணம்தான். மேலே கம்பிப் படம் ஒன்றை வைத்தோம். புள்ளி இரண்டும் கட்டத்தின் மூலையிலேயே உட்கார்ந்திருக்கின்றன, எண்ணைத் திறந்து பார்த்துவிட்டேன்.

வரும் சனிக்கிழமை அவர்கள் அந்த நீர்வாசலுக்கு வருகிறார்கள். கம்பிக்கு உள்ளே ஒரு விளக்கு, வெளியே ஒரு விளக்கு வைத்துப் பார்த்தாயிற்று. வெளிச்சம் போகிறது, டோக்கன் போகவில்லை.